ஆறு தெளிந்தாலும் மண்ணில் தங்கும் உப்பு

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. இந்த ஆற்றில் சென்னிமலை அருகே கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் பயன்பாட்டுக்கு வந்தது. பாசனத்துக்குக் காத்திருந்த விவசாயிகளே, சில ஆண்டுகளில் 'இந்தத் தண்ணீர் வேண்டாம்' என்று சொல்லும் நிலை வந்தது.

திருப்பூர் சாயப்பட்டறைகளில் துணியில் சாயம் பிடிக்க உப்பு சேர்க்கிறார்கள். சாயம் துணியில் ஏறிவிடும். உப்பு கழிவுநீரோடு வெளியேறும். கழிவின் நிறத்தை நீக்கினாலும் கரைந்த உப்பு போகாது. அது அணையில் தேங்கி, நிலத்தில் இறங்கி, சுற்றியிருந்த கிணறுகளையும் கெடுத்தது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாத சாய ஆலைகளை மூட, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆற்றில் கழிவு விடுவதை உத்தரவு போட்டு நிறுத்தலாம். மண்ணிலும் கிணற்றிலும் இறங்கிய உப்பு உத்தரவுக்குக் கட்டுப்படாது. அதை வெளியேற்றும் வேலை விவசாயியின் தலையில்தான் விழுகிறது.

முதலில் நீர்ப் பரிசோதனை. மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலை அதே நீரில் அலசி, ஒரு லிட்டர் பிடித்து, அன்றே மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்க வேண்டும். மின்கடத்தும் திறன் 2.25 டெசிசைமனுக்கு மேல் இருந்தால், அது மிகவும் உப்பான நீர். உப்பைத் தாங்காத பயிர்களுக்கு ஆகாது.

அடுத்து மண் பரிசோதனை. உவர் வேறு, களர் வேறு. மேலே வெள்ளையாக உப்புப் பூத்து, கார அமில நிலை 8.5-க்குள் இருந்தால் உவர். இதற்கு ஜிப்சம் தேவையில்லை. வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி, வடிகாலில் வடித்தால் உப்பு கரைந்து போகும். கார அமில நிலை 8.5-ஐத் தாண்டி, மழைநீர் உள்ளே இறங்காமல் நின்றால் பெரும்பாலும் களர். சோடியம் மண்ணை இறுக்கியிருக்கும். பரிசோதனை முடிவில் சொல்லும் அளவுக்கு ஜிப்சம் இட்டு, நல்ல நீரைத் தேக்கி வடிக்க வேண்டும். பிறகு தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழ வேண்டும்.

இரண்டுக்கும் வடிகால் அவசியம். அது இல்லாவிட்டால் கரைந்த உப்பு வயலிலேயே தங்கி, கோடையில் மீண்டும் மேலே வரும். எனவே ஜிப்சம் மூட்டைக்குப் பணம் கட்டும் முன், பரிசோதனை முடிவையும் வடிகாலையும் பார்த்துக்கொள்வது நல்லது.