இயந்திரக் கையும் குட்டி விமானமும்: நம் பிள்ளைகள் ஆராய்வது என்ன?



"பி.இ. முடித்ததும் வேலைக்குப் போவான் என்று பார்த்தால் எம்.டெக்., பிஎச்.டி. என்கிறான். என்ன பாடம் என்றால் ரோபோ கை, டிரோன் என்கிறான். கல்யாண வீட்டில் படம் எடுக்கும் பொம்மைக்கு இத்தனை வருஷப் படிப்பா, சார்?" நம் குடும்பங்களில் பெற்றோர் பலர் இப்படிக் கேட்கிறார்கள். நான் ரயில்வேயில் பாலங்கள் பிரிவில் காலம் கழித்த டிப்ளமாக்காரன். எனக்குப் புரிந்த அளவில் எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் கை. உள்ளங்கையைச் சுவரில் அழுத்தி வையுங்கள். தோளை நகர்த்தாதீர்கள். அப்படியும் முழங்கையை மேலும் கீழும் ஆட்ட முடிகிறதல்லவா? ஒரு பொருளை வேண்டிய இடத்தில், வேண்டிய கோணத்தில் பிடிக்க ஆறு வகை அசைவு போதும். இடத்துக்கு மூன்று, கோணத்துக்கு மூன்று. நம் கைக்குத் தோள் முதல் மணிக்கட்டு வரை ஏழு உண்டு. அந்த உபரி ஒன்று இருப்பதால்தான் குறுக்கே தூண் இருந்தாலும் சுற்றி வளைத்துக் கையை நீட்டுகிறோம். ரோபோ கையில் மூட்டுக்கு ஒரு மோட்டார். எந்த மூட்டு எவ்வளவு திரும்ப வேண்டும் என்பது ஒரு கணக்கு. அந்த மோட்டார்களின் எடையையும் கையே சுமக்க வேண்டும் என்பது இன்னொரு கணக்கு. பிரேக்டவுன் கிரேனைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஜிப் நீள நீளத் தூக்கும் திறன் குறையும். 2024 டிசம்பர் 30 அன்று பி.எஸ்.எல்.வி. சி-60 ராக்கெட்டில் இஸ்ரோ அனுப்பிய ஏழு மூட்டுக் கை, விண்வெளியில் இயங்கிக் காட்டியது.

அடுத்து விமானம். நான்கு விசிறிகளில் இரண்டு வலமாகவும் இரண்டு இடமாகவும் சுழலும். எல்லாம் ஒரே திசையில் சுழன்றால் விமானமே எதிர்த்திசையில் சுற்ற ஆரம்பித்துவிடும். பின் விசிறிகள் வேகம் கூடினால் மூக்கு தாழ்ந்து முன்னே போகும். இருப்பது நான்கு மோட்டார், செய்ய வேண்டிய அசைவோ ஆறு. ஆகவே சாயாமல் நகர முடியாது. இந்தச் சாய்வை ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான தடவை அளந்து திருத்த வேண்டும்.

இரண்டும் ஒன்றுசேரும்போதுதான் உண்மையான சிக்கல். பறக்கும் விமானத்தின் அடியில் கை நீண்டால் அதன் எடை மையம் நகர்ந்து விமானம் கவிழப் பார்க்கும். கை எதையாவது தொட்டு அழுத்தினால், விமானம் பின்னுக்குத் தள்ளப்படும். இதைச் சமாளிக்கத்தான் பல நாடுகளில் மாணவர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

இதனால் யாருக்கு என்ன பயன்? ஆற்றுப் பாலத்தின் கர்டருக்கு அடியில் ஆள் தொங்கிக்கொண்டுதான் ரிவெட்டைத் தட்டிப் பார்ப்பார். கீழே வெள்ளம், மேலே ரயில். 25,000 வோல்ட் கம்பிக்குப் பக்கத்திலும் ஆள்தான் ஏறுகிறார். அந்த இடத்துக்கு ஒரு கருவி போய்த் தொட்டுப் பார்த்து வந்தால், ஒரு வீட்டில் விளக்கு அணையாமல் இருக்கும். பொம்மை என்று தள்ளிவிட வேண்டாம் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

நம்மவர் சாதனையும் உண்டு. சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உருவான 'தக்ஷா' குழு, 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ உதவிக்கான ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, 1987-ல் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற விஜய் குமார், ஆரம்பத்தில் ஆராய்ந்தது நடக்கும் இயந்திரங்களை. பிறகே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் குட்டி விமானங்களைக் கூட்டமாகப் பறக்கவிட்டு உலகப் புகழ் பெற்றார். காலுக்கும் கைக்கும் போட்ட கணக்கு வானத்திலும் உதவுகிறது.

இதற்காகப் பிள்ளையை வெகுதூரம் அனுப்ப வேண்டியதில்லை. 1951-ல் தொடங்கிய கரக்பூர் ஐ.ஐ.டி., நம் ஜாதவ்பூர், சிப்பூர், துர்காபூரின் மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் எல்லாம் ரயில் எட்டும் தூரத்தில்தான் உள்ளன. 2023 ஜனவரி முதல் மத்திய அரசின் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். முதுநிலைக்கு உயர்ந்தால் 42,000. ஆனால் தேர்வில் தேற வேண்டும், எல்லோருக்கும் கிடைக்காது. பிஎச்.டி. முடிய ஐந்து வருஷமோ, அதற்கு மேலுமோ ஆகலாம். கூடப் படித்தவன் அதற்குள் ஃபிளாட் வாங்கியிருப்பான். இதையும் பிள்ளையோடு உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

முடிவெடுக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். உன் கை எத்தனை கிராம் தூக்கும்? பாட்டரி எத்தனை நிமிஷம் தாங்கும்? நடுவானில் ஒரு மோட்டார் நின்றால் கீழே நிற்பவர் கதி என்ன? மூன்றாவது கேள்விக்கு அவன் காகிதத்தையும் பென்சிலையும் எடுத்தான் என்றால், தயங்காமல் படிக்க விடுங்கள்.