தேங்காய்த் தொட்டிக்கரியில் மின்சாரம் தேங்கும்

தேங்காய்ப் பருப்பை எடுத்த பின் மிஞ்சும் தொட்டியை வெந்நீர் அடுப்புக்கு வைத்துக்கொண்டு, மீதியை வந்த விலைக்குத் தள்ளிவிடுவது நம் வழக்கம். அந்தத் தொட்டியைச் சுட்ட கரி, இன்று மின்னணுச் சாதனங்களுக்கு மூலப்பொருளாகிறது என்பதை உழவர்கள் அறிந்துகொள்வது நல்லது.

ஆலைகளில் தொட்டிக்கரியைச் சுமார் 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி நீராவி பாய்ச்சுகிறார்கள். அப்போது கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் எண்ணற்றவை உண்டாகின்றன. இதுவே ஆக்டிவேட்டட் கார்பன். ஒரு கிராம் கரியின் துளைச் சுவர்களை விரித்துப் பரப்பினால் 1,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் 25 சென்ட் நிலம் அளவு வரும்.

இக்கரியை மெல்லிய உலோகத் தகட்டில் பூசி, மின்கரைசலில் நனைத்து, சூப்பர் கெபாசிட்டர் என்ற மின்தேக்கியைச் செய்கிறார்கள். துளைச் சுவர்களில் மின்னேற்றம் ஒட்டி நிற்கிறது. பாட்டரியைவிடக் குறைந்த மின்சாரமே இதில் தங்கும். ஆனால் சில விநாடிகளில் ஏற்றலாம். லட்சக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம். சீனாவின் ஷாங்காய் நகரில் 2006ஆம் ஆண்டில், நிறுத்தத்துக்கு நிறுத்தம் மின்னேற்றி ஓடும் பஸ்கள் இவ்வகைச் சாதனத்தைக் கொண்டே விடப்பட்டன.

கரியில் சாம்பலும் இரும்பும் மிகுந்தால் தேங்கிய மின்சாரம் கசிந்துவிடும். எனவே கரி சுத்தமாக இருக்க வேண்டும். அதற்குக் கவனிக்க வேண்டியவை:

1. முற்றிய காயின் தொட்டியையே பயன்படுத்த வேண்டும்.

2. நார், பருப்பு, மண் நீக்கி நன்கு உலர்த்த வேண்டும்.

3. குழியில் சுட்டு மண் போட்டு மூடினால் கரியில் மண் கலக்கும். டிரம்மில் சுட்டு, காற்றுப் புகாமல் மூடி ஆறவிடுவதே நல்லது.

4. தண்ணீர் ஊற்றி அணைக்கக் கூடாது. அந்தக் கழிவுநீர் கசிந்தால் கிணறு கெடும். புகையும் கேடு தரும். குடியிருப்புக்கு அருகில் சுடலாகாது.

1,000 முழுத் தொட்டிகளுக்குச் சுமார் 35 கிலோ கரியே கிடைக்கும். ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 30,000 தொட்டிகள் வேண்டும். ஒரு சிறு விவசாயியின் தோப்பில் இவ்வளவு சேராது. பத்துப் பேர் கூடித் தொட்டியைத் தரம் பிரித்துச் சேர்த்தால்தான் ஆலையோடு நேரில் விலை பேச முடியும்.

இன்றைக்கு இந்தக் கார்பனில் பெரும்பகுதி தண்ணீர் சுத்திகரிப்புக்கும் தங்கம் பிரிப்பதற்குமே போகிறது. ஆகவே நாளைக்கே விலை ஏறிவிடும் என்று எண்ண வேண்டாம். எந்த ஆலைக்குப் போனாலும் சுத்தமான கரிக்கே மதிப்பு. அந்தச் சுத்தம் நம் களத்தில் தொட்டியை உலர்த்தும்போதே தொடங்குகிறது.