கேட்காமலே கைமாறிய தீவு

2015 நவம்பர் 7. சிங்கப்பூர் ஷாங்ரி-லா ஓட்டலில் இரண்டு அதிபர்கள் சந்தித்தார்கள். ஒருவர் சீனாவின் ஷி ஜின்பிங், மற்றவர் தைவானின் மா யிங்-ஜியோ. உள்நாட்டுப் போரில் தோற்ற கோமின்டாங் கட்சி 1949-இல் தைவானுக்குத் தப்பிப்போன பிறகு, இரு தரப்புத் தலைவர்களும் நேரில் பார்த்துக்கொண்டது அதுதான் முதல்முறை. கேமராக்களுக்காக ஒரு நிமிடத்துக்கும் மேலாகக் கைகுலுக்கிக்கொண்டே நின்றார்கள். பின்னால் எந்தக் கொடியும் இல்லை. 'அதிபர் அவர்களே' என்ற விளிப்பும் இல்லை, 'திரு. ஷி', 'திரு. மா', அவ்வளவுதான். அதிபர் என்று கூப்பிட்டுவிட்டால் எதிரே இருப்பது ஒரு நாடு என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே! இரவு சாப்பாட்டு பில்லையும் ஆளுக்குப் பாதியாகக் கட்டினார்கள். யார் வீட்டுக்காரர், யார் விருந்தாளி என்ற பேச்சே எழக் கூடாது அல்லவா?

வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வேடிக்கையின் மேல்தான் 2.3 கோடிப் பேரின் அன்றாட வாழ்க்கை ஓடிக்கொண்டிருக்கிறது.

தைவான் கேரளாவைவிடச் சற்றுச் சிறிய தீவு. சொந்த அரசு, சொந்த ராணுவம், சொந்த நாணயம், சொந்த பாஸ்போர்ட், நான்காண்டுக்கு ஒருமுறை ஒழுங்காக நடக்கும் அதிபர் தேர்தல் எல்லாம் அங்கே உண்டு. ஐ.நா.வில் நாற்காலி மட்டும் கிடையாது. 2024 ஜனவரியில் நவுரு கைகழுவிய பிறகு, முறையான தூதரக உறவு வைத்திருந்த நாடுகள் 12 மட்டுமே. பராகுவே, பலாவு, வாட்டிகன் என்று நீளும் அந்தப் பட்டியலில் பெரிய நாடு என்று சொல்ல ஒன்றுமில்லை. 'தைவான் எங்கள் மாகாணம்' என்கிறது பெய்ஜிங். தைவானின் அதிகாரபூர்வப் பெயரோ இன்றும் 'சீனக் குடியரசு'.

பெய்ஜிங்கின் வாதத்தை முழுக்கத் தள்ளிவிட முடியாது. சீனாவின் சிங் வம்சம் 1683-இல் தீவைப் பிடித்து 212 ஆண்டுகள் ஆண்டது. இன்றைய தைவானியர்களில் பெரும்பாலோரின் முன்னோர்கள் எதிர்க்கரையில் இருக்கும் ஃபூஜியன், குவாங்தோங் மாகாணங்களிலிருந்து வந்தவர்கள். ஆனால் அவர்களுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மக்கள் இருந்தார்கள். அமிஸ், அட்டயல், பைவான் முதலிய அந்தப் பழங்குடிகளின் மொழிக்கும் மலாய், பிலிப்பைன்ஸ் மொழிகளுக்கும்தான் உறவு. சீன மொழியோடு இல்லை. இன்று அவர்கள் மக்கள்தொகையில் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. 'பழங்காலந்தொட்டே எங்கள் நிலம்' என்று சீனா சொல்லும்போது அவர்கள் யார் கண்ணிலும் படுவதில்லை.

இந்தத் தீவின் கதையில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் தீவை யாரோ யாருக்கோ கொடுத்திருக்கிறார்கள். இருந்தவர்களை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

1894-இல் கொரியாவுக்காகச் சீனாவும் ஜப்பானும் மோதின. தோற்ற சீனா மறு ஆண்டு ஷிமோனோசெகி ஒப்பந்தத்தில் தைவானைத் தூக்கிக் கொடுத்தது. தீவில் இருந்தவர்கள் தீவின் பழைய பெயரில் 'ஃபார்மோசா குடியரசு' என்று அறிவித்துப் பார்த்தார்கள். ஐந்து மாதத்தில் ஜப்பானியப் படை அதைத் துடைத்துவிட்டது. அடுத்த ஐம்பது ஆண்டுகள் ஜப்பானிய ஆட்சி. 1943-இல் ரூஸ்வெல்ட், சர்ச்சில், கோமின்டாங் தலைவர் சியாங் காய்-ஷேக் மூவரும் கெய்ரோவில் உட்கார்ந்து, போர் முடிந்ததும் தைவான் சீனாவுக்குத் திரும்பும் என்று அறிவித்தார்கள். அப்படியே 1945 அக்டோபரில் சியாங்கின் ஆட்கள் வந்து இறங்கினார்கள்.

தாய்நாட்டோடு சேர்ந்த மகிழ்ச்சி இரண்டு வருடம்கூடத் தாங்கவில்லை. 1947 பிப்ரவரி 27 மாலை, தைபே நகரத்துத் தெருவில் கள்ள சிகரெட் விற்றுக்கொண்டிருந்த ஒரு விதவையைப் புகையிலை ஏகபோகத் துறை அதிகாரிகள் பிடித்தார்கள். சரக்கையும் காசையும் பறித்துக்கொண்டார்கள். காசையாவது கொடுங்கள் என்று கெஞ்சிய அந்தப் பெண்ணின் தலையில் துப்பாக்கிக் கட்டையால் அடித்தார்கள். கூட்டம் கூடியது, அதிகாரி சுட்டதில் ஒருவர் இறந்தார். மறுநாள், பிப்ரவரி 28, தைபே கொதித்தது. அடுத்த நாட்களில் அது தீவு முழுக்கப் பரவியது. மார்ச்சில் சீனாவிலிருந்து படை வந்து இறங்கி, படித்தவர்கள், வக்கீல்கள், டாக்டர்கள், ஊர்ப் பெரியவர்கள் என்று பார்த்துப் பார்த்துக் கொன்றது. இறந்தவர்கள் 18,000 முதல் 28,000 வரை இருக்கலாம் என்று 1992-இல் தைவான் அரசின் விசாரணை அறிக்கையே சொன்னது. அதற்கு முன் பல பத்தாண்டுகள் 'இரண்டு இருபத்தெட்டு' என்று வாய்திறப்பதே ஆபத்தாக இருந்தது.

பிறகு 1949. கம்யூனிஸ்ட் தலைவர் மாவோவிடம் தோற்ற சியாங், படையோடும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகளோடும் தைவானுக்கு வந்தார். அந்த ஆண்டு மே மாதம் போட்ட ராணுவச் சட்டம் 1987 ஜூலையில்தான் நீங்கியது. 38 ஆண்டுகள்! 'முழுச் சீனாவுக்கும் நானே அரசு' என்ற அவருடைய பிடிவாதம் எந்த அளவுக்குப் போனது என்பதற்கு நாடாளுமன்றமே சாட்சி. 1947-லும் 48-லும் சீனப் பெருநிலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள், தங்கள் தொகுதிகள் 'மீட்கப்படும் வரை' பதவியில் தொடரலாம் என்று வைத்துவிட்டார்கள். தொகுதி இருக்கும் ஊரை இனி கண்ணாலும் பார்க்க முடியாத அந்த உறுப்பினர்கள் தள்ளாத வயதிலும் தைபேயில் சட்டம் இயற்றிக்கொண்டிருந்தார்கள். 'பத்தாயிரம் வருட நாடாளுமன்றம்' என்று மக்கள் கிண்டலடித்தார்கள். மிச்சமிருந்தவர்களை வீட்டுக்கு அனுப்ப 1991 டிசம்பர் வரை ஆனது.

சட்டச் சிக்கலின் வேர் 1951-இல் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ சமாதான ஒப்பந்தத்தில் ஜப்பான் தைவான் மீதான எல்லா உரிமையையும் கைவிட்டது. யாருக்காக என்று ஒப்பந்தம் சொல்லவில்லை. இரண்டு சீனாக்களில் எதைக் கூப்பிடுவது என்று வல்லரசுகளுக்குள் தகராறு, இரண்டையுமே கூப்பிடவில்லை. இந்தியாவும் அங்கே போக மறுத்தது. ஃபார்மோசாவைச் சீனாவுக்குத் திருப்பித் தர ஒப்பந்தம் வழிசெய்யவில்லை என்பது நேரு அரசு சொன்ன காரணங்களில் ஒன்று.

அடுத்தது 1971 அக்டோபர் 25. ஐ.நா. பொதுச்சபை 2758-ஆம் தீர்மானத்தை 76 ஆதரவு, 35 எதிர்ப்பு என்ற கணக்கில் நிறைவேற்றி, சீனாவின் நாற்காலியை பெய்ஜிங்குக்குக் கொடுத்தது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. அந்தத் தீர்மானத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள், சில வரிகள்தான். சியாங் காய்-ஷேக்கின் பிரதிநிதிகளை வெளியேற்றுவதாக இருக்கிறது. தைவான் யாருக்குச் சொந்தம் என்பது பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. ஆனாலும் இந்தத் தீர்மானத்தை வைத்துத்தான் 'விஷயம் அன்றே முடிந்துவிட்டது' என்று பெய்ஜிங் வாதாடுகிறது. இரண்டு அரசுகளுக்கும் இடம் தரலாம் என்று அமெரிக்கா அப்போது முயன்றது, பலிக்கவில்லை. சொந்தத் தீவுக்கான இடத்தை முன்கூட்டியே கேட்டு வாங்காமல், முழுச் சீனாவும் தன்னுடையது என்று இருபது வருடம் வீம்பு பிடித்த சியாங்குக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. அவர் போட்ட கணக்குக்கு இன்றைய தலைமுறை வட்டி கட்டுகிறது.

1979-இல் அமெரிக்காவும் பெய்ஜிங் பக்கம் போனது. அதே ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் தைவானுக்கு ஆயுதம் விற்கத் தனிச் சட்டம் போட்டுக்கொண்டது. சீனா தாக்கினால் நேரில் வந்து சண்டை போடுவோமா என்பதை மட்டும் சொல்லாமல் விட்டது. சொல்லாமல் விடுவதுதான் கொள்கையே.

இத்தனை தாள்களையும் ஒதுக்கிவிட்டு கின்மெனுக்குப் போகலாம். தைவானின் ஆட்சியில் இருக்கும் சிறு தீவு அது. சீன நகரமான ஷியாமென் சில கிலோமீட்டரில் கண்ணுக்குத் தெரியும். 1958 ஆகஸ்ட் 23-இல் தொடங்கி 44 நாட்களில் சீனா அதன் மேல் 4,70,000-க்கும் அதிகமான குண்டுகளைப் பொழிந்தது. பிறகு ஒற்றைப்படைத் தேதிகளில் மட்டும் சுடுவது என்று ஒரு விநோத வழக்கம் வந்தது. போகப்போக வெடிகுண்டுக்குப் பதில் பிரசுரத் தாள்களை அடைத்துச் சுட்டார்கள். 1979-இன் முதல் நாள் வரை இப்படியே நடந்தது. கின்மென்காரர்கள் அந்தக் குண்டுகளின் எஃகைத் தோண்டியெடுத்துச் சமையல் கத்தி செய்து விற்கிறார்கள். சீனாவிலிருந்து வரும் சுற்றுலாப் பயணிகளே ஆசையாக வாங்கிப் போன சாமான் அது! 2018 முதல் கின்மெனுக்குக் குடிதண்ணீரும் ஃபூஜியனிலிருந்து கடலடிக் குழாயில் வருகிறது. குண்டு வந்த திசையிலிருந்தே குடிநீர். இந்த மக்களிடம் போய் 'சீனாவை எதிர்ப்பீர்களா, இணைவீர்களா, இரண்டில் ஒன்று சொல்லுங்கள்' என்று கேட்டால் என்ன பதில் வரும்?

தைவானியர்களிடம் முதன்முதலாக ஒரு கேள்வி நேராகக் கேட்கப்பட்டது 1996 மார்ச்சில். அதிபரை மக்களே தேர்ந்தெடுத்த முதல் தேர்தல் அது. மிரட்டுவதற்காகச் சீனா தீவின் துறைமுகங்களை ஒட்டிய கடலில் ஏவுகணைகளை வீசியது. விளைவு நேர்மாறு: சீனாவுக்குப் பிடிக்காத லீ டெங்-ஹுய் 54 சதவீத வாக்கோடு வென்றார்.

அன்றிலிருந்து ஆட்சி மூன்று முறை கட்சி மாறியிருக்கிறது. இன்றைய அதிபர் லாய் சிங்-தேயின் ஜனநாயக முற்போக்குக் கட்சி, தைவான் ஏற்கெனவே சுதந்திர நாடுதான், புதிதாக அறிவிக்க வேண்டியதில்லை என்கிறது. கோமின்டாங்கோ, ஒரே சீனா என்பதை இரு தரப்பும் அவரவர் பொருளில் எடுத்துக்கொண்டு பேசலாம் என்கிறது. மாவோவோடு மோதி ரத்தம் சிந்திய கட்சி இன்று பெய்ஜிங்குக்கு இணக்கமான கட்சி ஆகிவிட்டது. 2024-இல் லாய் 40 சதவீத வாக்கில்தான் வென்றார். நாடாளுமன்றப் பெரும்பான்மையை அவர் கட்சி இழந்தது. தைவானியர்கள் யாருக்கும் வெற்றுக் காசோலை எழுதிக் கொடுப்பதில்லை.

தைபேயின் தேசிய செங்ச்சி பல்கலைக்கழகம் 1992 முதல் ஒரே கேள்வியைக் கேட்டுவருகிறது: நீங்கள் யார்? அப்போது கால்வாசிப் பேர் 'சீனர்' என்றார்கள். இப்போது நூற்றுக்கு மூன்று பேர் சொன்னால் அதிகம். 'தைவானியர்' மட்டுமே என்பவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவாக இருந்தார்கள். இப்போது 60 சதவீதத்தைத் தாண்டிவிட்டார்கள். ஆனால் உடனே தனிநாடு அறிவிக்கலாமா என்றால் ஆதரவு ஒற்றை இலக்கம். உடனே இணையலாமா என்றால் அதைவிடக் குறைவு. எண்பது சதவீதத்துக்கும் மேலானோர், இப்போதைக்கோ எப்போதைக்குமோ, இருப்பது இருக்கட்டும் என்கிறார்கள்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதைக் கோழைத்தனம் என்கிறார்கள். எனக்கு இதுதான் அந்தத் தீவின் ஆகச் சிறந்த அரசியல் புத்தியாகத் தெரிகிறது. தனிநாடு என்று அறிவித்தால் 'அமைதி வழியல்லாத நடவடிக்கை' எடுப்போம் என்று 2005-இல் சட்டமே போட்டு வைத்திருக்கிறது சீனா. இணைந்தால் என்ன ஆகும் என்பதை 2020-க்குப் பிறகான ஹாங்காங் காட்டிவிட்டது. இரண்டு பக்கமும் பள்ளம் என்று தெரிந்தவர்கள் நடுவில் நிற்பதில் என்ன தப்பு? அதே சமயம் கண்ணை மூடிக்கொண்டும் இல்லை. நான்கு மாதமாகக் குறைந்திருந்த கட்டாய ராணுவப் பயிற்சி 2024 முதல் மீண்டும் ஓராண்டு.

பெயர் விவகாரம் தனிக் கூத்து. 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவர்களை 'ஃபார்மோசா' என்ற பெயரில் வரச் சொன்னார்கள். 'நாங்கள்தான் சீனா' என்று கோபித்து, தொடக்க விழாவில் 'எதிர்ப்புடன்' என்று எழுதிய அட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அந்த ஒலிம்பிக்கில்தான் யாங் சுவான்-குவாங் டெகாத்லானில் வெள்ளி வென்று தீவுக்கு முதல் பதக்கம் வாங்கித் தந்தார். அவர் அமிஸ் பழங்குடிக்காரர். 2018-இல் நிலைமை தலைகீழ்: விளையாட்டில் பின்னாளில் ஒட்டிக்கொண்ட 'சீன தைபே' என்ற பெயர் வேண்டாம், 'தைவான்' என்றே விளையாடலாமா என்று பொது வாக்கெடுப்பு நடந்தது. விளையாட்டு வீரர்களின் வாய்ப்பே போய்விடும் என்ற பயத்தில் மக்கள் அதைத் தோற்கடித்தார்கள். மூன்று வருடம் கழித்து டோக்கியோ பாட்மின்டன் இரட்டையர் இறுதியில் லீ யாங், வாங் சி-லின் ஜோடி சீன ஜோடியை வீழ்த்தித் தங்கம் வாங்கியபோதும் ஏறியது சீன தைபே ஒலிம்பிக் குழுவின் கொடிதான்.

நமக்கும் இதில் தொடர்பு இல்லாமல் இல்லை. நேதாஜி விமான விபத்தில் இறந்ததாகச் சொல்லப்படும் தைஹோக்கு, இன்றைய தைபேதான். 1956-இல் ஷா நவாஸ் கான் குழு விசாரித்தபோது தைவானோடு நமக்குத் தூதரக உறவு இல்லை என்பதால் விபத்து நடந்த இடத்துக்கே போகவில்லை. போஸ் சாகவில்லை என்று கடைசிவரை சொன்ன முத்துராமலிங்கத் தேவரைப் போன்றவர்களின் சந்தேகம் அதனால் வளர்ந்ததே தவிரக் குறையவில்லை.

இன்றோ ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் தைவான் கம்பெனி. செய்யாறில் ஷூ தைக்கும் பெண்களுக்குச் சம்பளம் கொடுப்பதும் தைவான் முதலீடு. 2012 முதல் சென்னையில் தைவானின் அலுவலகம் இருக்கிறது. பெயர்ப் பலகையில் தூதரகம் என்று இருக்காது, 'பொருளாதார, பண்பாட்டு மையம்'. ஃபாக்ஸ்கான் தலைவர் யங் லியூவுக்கு 2024-இல் பத்மபூஷண் கொடுத்தது மத்திய அரசு. அதே அரசின் கையில் ஏர் இந்தியா இருந்தபோது, 2018-இல் சீனா கண் காட்டியதும் இணையதளத்தில் 'தைவான்' போய் 'சீன தைபே' வந்தது. 'ஒரே சீனா' என்று கூட்டறிக்கைகளில் சொல்வதை 2010 வாக்கில் டெல்லி நிறுத்திக்கொண்டது, மறுக்கவும் இல்லை.

சீனாவைப் பிடிக்காது என்பதற்காகவே தைவானைக் கொண்டாடும் ஒரு கூட்டம் நம் சமூக ஊடகங்களில் இருக்கிறது. அந்த ஆதரவால் தைவானுக்குப் பத்து பைசா பயனில்லை. டெல்லி தனிநாடு அங்கீகாரம் தர வேண்டியதில்லை. தைவானியர்களே அதைக் கேட்கவில்லை. தீவின் எதிர்காலத்தை அங்கே வாழ்பவர்களின் சம்மதம் இல்லாமல் யாரும் மாற்றக் கூடாது என்பதை மட்டும் தெளிவாகச் சொன்னால் போதும். 1951-இலும் 1971-இலும் அந்த மக்களைக் கேட்காமல் நிலை எடுத்த நாடு என்ற வகையில் இந்தியா இவ்வளவாவது செய்யக் கடமைப்பட்டிருக்கிறது. தைவானியர்கள் அடுத்த அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் 2028-இன் தொடக்கத்தில் வருகிறது.