மிதிவண்டிச் சங்கிலி கழற்றி

மிதிவண்டிச் சங்கிலி கழற்றி என்பது சங்கிலியின் கண்ணிகளைப் பிணைக்கும் ஆணியைத் திருகின் விசையால் வெளியே தள்ளும் கருவி ஆகும். சங்கிலி அறுந்த வண்டியை மிதித்து ஓட்ட முடியாது என்பதால், மலைப்பாதைகளில் செல்வோர் இது இணைந்த மடக்குக் கருவியை உடன் கொண்டு செல்கின்றனர்.

தேர்வு

ஏறத்தாழ எல்லா மிதிவண்டிச் சங்கிலிகளிலும் அடுத்தடுத்த ஆணிகளுக்கு இடையிலான தொலைவு 12.7 மி.மீ. (அரை அங்குலம்) ஆகும். அகலமோ வேறுபடும். பின்புறம் 8 பற்சக்கரங்கள் உள்ள வண்டியின் சங்கிலி ஏறத்தாழ 7 மி.மீ. அகலமுடையது, 12 உள்ளதில் இது 5.3 மி.மீ. அளவே. அகலச் சங்கிலிக்கென அமைந்த கருவியில் ஒடுங்கிய சங்கிலி சரியாகப் பொருந்தாது. தள்ளுமுனை சாய்ந்து முறியக்கூடும். முனையை மாற்றத்தக்க கருவி விரும்பத்தக்கது.

ஆணியைத் தள்ளக் கணிசமான விசை தேவை. எனவே கருவியின் பிடி நீளமாக இருத்தல் நன்று. எடைக் குறைவை மட்டும் கருதி வாங்கிய கருவி பெரும்பாலும் இங்கேதான் கைவிடுகிறது.

இணைப்புக் கண்ணி

ஒடுங்கிய சங்கிலிகளில் ஆணியின் முனைகள் நசுக்கி விரிக்கப்பட்டிருக்கும். வெளியே தள்ளிய ஆணியை மீண்டும் செருகினால் பிடிமானம் குறைந்து சங்கிலி மறுபடியும் அறுபடலாம். ஆகவே சங்கிலியின் அகலத்திற்கேற்ற இணைப்புக் கண்ணி ஒன்றையும் வைத்திருத்தல் வேண்டும். இதனைப் பொருத்த, பழுதான பகுதியை நீக்கியபின் சங்கிலியின் இரு முனைகளிலும் உட்கண்ணியே எஞ்ச வேண்டும்.

கண்ணிகள் நீக்கப்பட்டுக் குறுகிய சங்கிலியை முன், பின் பெரிய பற்சக்கரங்களில் ஒருசேர இட்டால் பின்புறப் பல்லிணை மாற்றி உடையக்கூடும்.