டொக்டர்மார் கதவைச் சாத்திய 23 நாட்கள்

ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவின் வாங்கில் ஒரு காலைநேரம் உட்கார்ந்திருந்தால் போதும், சுகாதாரக் கொள்கை பற்றி நாட்டில் உள்ள எல்லா அபிப்பிராயங்களையும் கேட்டுவிடலாம். டொக்டர்மாரின் பணிப்பகிஷ்கரிப்பு ஒன்று முடிந்த மறுநாள் நானும் அப்படி உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த வயதான சாச்சா ஒருவர், "சும்மா தாற மருந்துக்கு இவ்வளவுதான் மதிப்பு. கொஞ்சம் காசு வாங்கினா ஒழுங்காப் பாப்பாங்க" என்றார். எதிர் வாங்கில் குழந்தையோடு இருந்த பெண் விடவில்லை. "காசிருந்தா நாங்க ஏன் காக்கா விடிய அஞ்சு மணிக்கு வந்து நம்பர் எடுக்கிறம்? சனல் பண்ணியிருக்க மாட்டமா?"

இரண்டு பேரும் அவரவர் பட்டதைத்தான் பேசினார்கள். எனக்கோ கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணம் ஞாபகத்துக்கு வந்தது. கனடாவில் இருக்கும் நம்மவர்கள் "கார்டைக் காட்டினாப் போதும், டொக்டருக்கு ஒரு சதமும் குடுக்கத் தேவல்ல" என்று பெருமையாகச் சொல்வார்கள். அதைக் கேட்டால், அந்நாட்டு மக்கள் ஒருமித்து நின்று இதைப் பெற்றுக்கொண்டார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். நடந்தது அப்படியல்ல. ஊரே இரண்டுபட்டு நின்றது.

சஸ்காச்சுவான் கோதுமை விளையும் பூமி. 1961இல் அதன் சனத்தொகை ஒன்பதே கால் லட்சம் அளவில்தான் இருந்தது. 1930களின் வரட்சியும் பொருளாதார மந்தமும் அங்கே குடியானவனைப் போலவே டொக்டரையும் வாட்டின. நோயாளியிடம் காசில்லாவிட்டால் டொக்டருக்கும் வருமானமில்லையே. அதனால் பல கிராமசபைகள் வரிப்பணத்திலிருந்து சம்பளம் கொடுத்துத் தங்களுக்கென்று ஒரு டொக்டரை வைத்துக்கொண்டன. அரசாங்கம் வைத்தியத்துக்குக் காசு கட்டுவது அந்த மக்களுக்குப் புதுமையான விஷயமல்ல.

1944இல் அங்கே ஆட்சிக்கு வந்தவர் டொமி டக்ளஸ். பப்டிஸ்ட் கிறிஸ்தவப் போதகராக இருந்து அரசியலுக்கு வந்தவர். சிறுவயதில் அவருடைய காலெலும்பில் கிருமி தொற்றி, காலையே எடுக்கவேண்டிய நிலை வந்தது. வின்னிப்பெக் நகரில் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர், மாணவர்களுக்குக் காட்டிப் படிப்பிக்கலாம் என்பதற்காக இலவசமாகச் சத்திரசிகிச்சை செய்து காலைக் காப்பாற்றினார். ஒரு பிள்ளையின் கால் இப்படி அதிர்ஷ்டத்தில் தங்கியிருக்கக் கூடாது என்பது டக்ளஸ் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம். 1947இல் அவருடைய அரசாங்கம் மாகாணத்தார் எல்லோருக்கும் ஆஸ்பத்திரிக் காப்புறுதியைக் கொண்டுவந்தது. அதற்குப் பெரிய எதிர்ப்பு எழவில்லை. ஆஸ்பத்திரிகளின் கட்டணம் ஒழுங்காகக் கிடைத்ததால் டொக்டர்மாருக்கும் அது வசதியாகவே இருந்தது.

டொக்டரின் கட்டணத்தையே அரசாங்கம் கொடுக்கும் என்று சொன்னபோதுதான் தகராறு தொடங்கியது. 1960ஆம் ஆண்டுத் தேர்தலில் இதுவே பெரிய பேச்சு. டொக்டர்மாரின் அமைப்பு தன் உறுப்பினர்களிடம் பணம் திரட்டிப் பிரசாரம் செய்தது. நல்ல டொக்டர்மார் நாட்டை விட்டுப் போய்விடுவார்கள், வெளிநாட்டிலிருந்து தரம் குறைந்தவர்கள் வருவார்கள், நோயாளியின் இரகசியம் அரசாங்க எழுதுவினைஞரின் மேசைக்குப் போய்விடும் என்றெல்லாம் சொன்னார்கள். டக்ளஸின் கட்சி வென்றது. ஆனால் அதற்குக் கிடைத்தது நூற்றுக்கு ஏறத்தாழ 41 வீத வாக்குத்தான். அரசாங்கம் "மக்கள் ஆணை தந்துவிட்டார்கள்" என்றது. எதிர்த்தவர்கள் "பெரும்பான்மையானோர் உங்களுக்கு வாக்களிக்கவே இல்லையே" என்றார்கள். இரண்டு கூற்றும் உண்மைதான்.

சட்டம் 1961 நவம்பரில் நிறைவேறியது. தனி ஆளுக்கு வருடத்துக்கு 12 டொலர், குடும்பத்துக்கு 24 டொலர், மீதி வரிப்பணம் என்பது ஏற்பாடு. அந்த மாதமே டக்ளஸ் மத்திய அரசியலுக்குப் போக, ஆசிரியராக இருந்த வூட்ரோ லொயிட் முதல்வரானார். 1962 ஜூனில் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் டக்ளஸ் தன் சொந்த ரெஜைனா நகரத் தொகுதியிலேயே தோற்றுப்போனார். மக்களின் மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதற்கு அது ஒரு அடையாளம்.

1962 ஜூலை 1ஆம் திகதி திட்டம் தொடங்கியது. அன்றே மாகாணத்தின் பெரும்பாலான டொக்டர்மார் தங்கள் அறைகளைப் பூட்டினார்கள். சில ஆஸ்பத்திரிகளில் மட்டும் அவசர சிகிச்சை கிடைத்தது. அந்த முதல்நாளே ஒரு குடும்பம் சுகமில்லாத ஒன்பது மாதக் குழந்தையோடு டொக்டரைத் தேடி ஊர் ஊராகக் காரில் அலைந்தது. குழந்தை மௌத்தாகிவிட்டது. டொக்டர் இருந்திருந்தால் பிழைத்திருக்குமா என்பதை யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. இரண்டு தரப்பும் அந்தச் சாவைக் காட்டி ஒன்றையொன்று குற்றஞ்சாட்டின.

எதிர்த்தவர்கள் எல்லோரும் காசுக்காகவே எதிர்த்தார்கள் என்று சொல்வது அநியாயம். பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை பிடிக்காமல் அங்கிருந்து வந்த டொக்டர்மார் பலர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். "எங்கட டொக்டர்மார எங்களுக்கு வேணும்" என்று குழு அமைத்து முதலில் தெருவுக்கு வந்தவர்களும் தாய்மார்தான். பிள்ளைப்பேறு பார்த்த டொக்டர் ஊரை விட்டுப் போய்விடுவாரோ என்பது பொய்யான பயமல்ல. அந்தப் பயத்தில் அரசியல்வாதிகள் குளிர்காய்ந்தது வேறு விஷயம். உள்ளூர்ப் பத்திரிகைகளும் அரசாங்கத்தைச் சாடின. மார்க்கமும் ஒரே பக்கத்தில் நிற்கவில்லை. டக்ளஸ் ஒரு போதகர். திட்டத்துக்கு எதிராக மிகக் கடுமையாக முழங்கியவர்களில் ஒருவரான அத்தோல் மரே ஒரு கத்தோலிக்கப் பாதிரியார்.

ஜூலை 11இல் ரெஜைனாவில் சட்டசபைக் கட்டடத்துக்கு முன்னால் மாபெரும் எதிர்ப்புக் கூட்டம் கூட்டினார்கள். பல்லாயிரக்கணக்கில் வருவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் வந்தது சுமார் 4,000 பேர். அதன்பிறகு எதிர்ப்பின் வேகம் தணிந்தது. திட்டத்தை ஆதரித்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. சஸ்கட்டூன் போன்ற இடங்களில் தாங்களே காசு சேர்த்துச் சமூக கிளினிக்குகளைத் திறந்தார்கள். பிரித்தானியாவிலிருந்து டொக்டர்மார் வரவழைக்கப்பட்டார்கள்.

கடைசியில் சமாதானம் பேச வந்தவர் பிரித்தானியாவின் டெய்லர் பிரபு. டொக்டராகவும் தொழிற்கட்சிக்காரராகவும் இருந்தவர். ஜூலை 23இல் சஸ்கட்டூனில் ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டு பக்கமும் விட்டுக்கொடுத்தன. எல்லோருக்கும் கட்டாயக் காப்புறுதி என்ற அடிப்படை நிலைத்தது. டொக்டர்மார் அரசாங்க ஊழியர்களாகவில்லை. பார்த்த நோயாளிக்கு ஏற்பக் கட்டணம் பெறவும், விரும்பினால் திட்டத்துக்கு வெளியே நின்று தொழில் செய்யவும் அவர்களுக்கு உரிமை கிடைத்தது.

1964இல் லொயிட்டின் கட்சி தோற்று, ரொஸ் தட்சரின் லிபரல் கட்சி வந்தது. எதிர்த்தவர்களின் ஆதரவு பெற்ற கட்சிதான். ஆனாலும் அது திட்டத்தை ஒழிக்கவில்லை. இரண்டு வருடத்துக்குள் மக்களுக்கு அது பழகிவிட்டது. கார்டு கையில் வந்தபிறகு அதைத் திருப்பிக் கேட்க எந்த அரசியல்வாதிக்குத் துணிவு வரும்? அதே வருடம் நீதிபதி எம்மெட் ஹோலின் ஆணைக்குழு, நாடு முழுவதற்கும் இதே வழியைச் சிபாரிசு செய்தது. அப்படியொரு ஆணைக்குழு வேண்டும் என்று முதலில் கேட்டதே டொக்டர்மாரின் சங்கம்தான்! 1966இல் மத்திய சட்டம் வந்தது. 1971இல் பத்து மாகாணங்களும் சேர்ந்துவிட்டன.

நம்ம சாச்சா சொன்ன "கொஞ்சம் காசு" யோசனையும் அங்கே பரீட்சிக்கப்பட்டது. சும்மா கிடைப்பதால் தேவையில்லாமல் வருகிறார்கள் என்று சொல்லி, 1968இல் தட்சர் அரசாங்கம் டொக்டரைப் பார்க்கும் ஒவ்வொரு முறைக்கும் ஒன்றரை டொலர் அறவிட்டது. கூட்டம் குறைந்தது. ஆனால் அதிகமாகக் குறைந்தது ஏழைகளின் வருகைதான். வசதியுள்ளவர்கள் வழமைபோல் போய்வந்தார்கள். 1971இல் ஆட்சி மாறியதும் அது நீக்கப்பட்டது.

அதே 1971இல்தான் நமது நாட்டில் வெளிநோயாளரிடம் 25 சதம் வாங்கத் தொடங்கினார்கள். 1977 வரை அது இருந்தது. சாச்சாவிடம் அது ஞாபகமிருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். "இரிக்கி. உம்மா அதச் சீலத் தலப்பில முடிஞ்சிக்கிட்டுத்தான் எங்களக் கூட்டி வருவா. ஒரு நாளைக்கி ரெண்டு புள்ளைக்கிக் காய்ச்சலெண்டா ஒருத்தனத்தான் கூட்டி வருவா" என்றார். அதற்குள் அவருடைய நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.