சந்தில் நின்றவன்

கொடைரோடு ஸ்டேஷனில் விடியற்காலை ரயிலிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் இறங்கினார்கள். பெட்டிகள் இரண்டையும் தூக்கிக்கொண்டு அவள் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். தூங்கும் குழந்தையைத் தோளில் சாய்த்தபடி அவன் பின்னால் வந்தான். என் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர், "வீட்டோட மாப்பிள்ளை போல" என்றார். "இல்லண்ணே, முதுகு வலியா இருக்கும்" என்றார் டீக்காரர். அடுத்த பெட்டியிலிருந்து இறங்கிய குடும்பத்தில் சுமை அவனிடம், பிள்ளை அவளிடம். அவர்களுக்கு யாரும் கதை கட்டவில்லை.

கதை கட்ட நமக்கு மனிதர்கள்கூடத் தேவையில்லை. 1944இல் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற உளவியலாளர்கள் ஒரு குட்டிப் படம் காட்டினார்கள். பெரிய முக்கோணம், சின்ன முக்கோணம், ஒரு வட்டம், மூன்றும் அங்குமிங்கும் நகரும். அவ்வளவுதான். பார்த்தவர்களில் பலர் கண்டதோ இரண்டு ஆண்களின் சண்டையும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணும்! வட்டத்துக்குச் சேலை கட்டிவிட்டது யார்?

1961இல் எட்வர்டு ஜோன்ஸும் கூட்டாளிகளும் செய்த சோதனை இன்னும் சுவையானது. வேலைக்கான நேர்காணல் என்று சொல்லி ஒலிப்பதிவுகளைப் போட்டுக் காட்டினார்கள். நீர்மூழ்கிக் கப்பலுக்குக் கலகலப்பானவர் வேண்டும். விண்வெளிக்குத் தனிமையில் இருக்கத் தெரிந்தவர் வேண்டும். வேலைக்கு ஏற்றபடி பேசியவரின் உண்மைக் குணம் என்னவென்று கேட்டவர்களால் அடித்துச் சொல்ல முடியவில்லை. எதிர்மாறாகப் பேசியவரைப் பற்றி மட்டும் தயங்காமல் சொன்னார்கள். வேஷம் பொருந்தியிருக்கும் வரை உள்ளே ஆள் இருப்பதே நமக்குத் தோன்றுவதில்லை.

கொடைரோட்டில் இறங்கினால் வத்தலக்குண்டு பக்கம்தான். அவ்வூர்க்காரரான பி.எஸ். ராமையா பின்னாளில் ஆசிரியராக இருந்த 'மணிக்கொடி' இதழில்தான் புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' சிறுகதை 1934இல் வந்தது. அதில் அம்மாளுவின் குதிரைவண்டிக்காரக் கணவன் அடிபட்டுக் கிடக்கிறான். அவனுக்குப் பால் கஞ்சி வேண்டும், கையில் காசில்லை. அம்மாளு ஒருவனோடு இருட்டுச் சந்துக்குள் போகிறாள். முக்கால் ரூபாயோடு திரும்புகிறாள்.

அவள் ஏன் போனாள்? பாசமா, பசியா, வேறு வழியே இல்லையா? தொண்ணூறு ஆண்டுகளாக வாசகர்கள் விவாதிக்கிறார்கள். செயலையும் கூலியையும் எதற்காக என்பதையும் சொன்ன புதுமைப்பித்தன், அந்த நேரத்தில் அவள் மனசில் ஓடியதைச் சொல்லவில்லை. அந்தக் காலியிடத்தை நாம் சும்மா விடுவதில்லை. பத்தினி வேஷத்திலிருந்து விலகிவிட்டாளே என்று காரணம் கேட்கிறோம். பிறகு, 'புருஷனுக்காகத்தானே' என்று அதே வேஷத்துக்குள் அவளைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகே நமக்கு நிம்மதி. அவள் கோபத்தோடு போயிருக்கலாம். எதுவுமே தோன்றாமல், தண்ணீர் பிடிக்கப் போவதுபோலவும் போயிருக்கலாம்.

சந்தில் காசு கொடுத்தவன் ஒருவனும் அந்தக் கதையில் இருக்கிறான். அவன் ஏன் வந்தான் என்று நானும் முதல் நான்கைந்து வாசிப்புகளில் கேட்டதில்லை.