செமினார் நாளில் வரும் காய்ச்சல்

2010-ல் தொடங்கி, இப்போது காரைக்காலை அடுத்த திருவேட்டக்குடியில் இயங்கும் புதுச்சேரி என்.ஐ.டி.யில் பல மாநிலப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அங்கே என்றில்லை, எந்தக் கல்லூரியிலும் செமினார் நாளன்று மட்டும் 'காய்ச்சல்' வரும் ஒருவர் இருப்பார். பாடம் அத்துப்படி, ஸ்லைடும் தயார். முறை நெருங்க நெருங்க உள்ளங்கை வேர்க்கும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். குரல் நடுங்கிவிடுமோ என்ற நினைப்பே குரலை நடுங்க வைக்கும்.

"அவன் கூச்ச சுபாவம்" என்று வீட்டில் சொல்லி முடித்துவிடுவார்கள். கூச்சம் நோயல்ல. புது ஆளிடம் தயங்கி, அரைமணியில் சகஜமாகிவிடுபவருக்கு வைத்தியம் எதற்கு? ஆறு மாதத்துக்கு மேலாகியும் பயம் விடாமல், நாலு பேர் முன்னால் சாப்பிட, போன் பேச, பேங்க் கவுன்டரில் கையெழுத்துப் போடக்கூட முடியாமல் படிப்பையும் வேலையையும் கெடுத்தால், அது சமூகப் பதற்றக் கோளாறு. பெரும்பாலும் பதின்பருவத்தில் தொடங்கும்.

செமினாருக்குப் போகாமல் ஹாஸ்டலில் படுத்துவிட்டால் உடனே நெஞ்சு லேசாகும். அந்த நிம்மதிதான் வினை. போயிருந்தால் மானம் போயிருக்கும், போகாததால் பிழைத்தோம் என்று மனசு கணக்குப் போட்டுக்கொள்ளும். அடுத்த முறை பயம் இன்னும் கூடும். தலை நிமிராமல் தாளைப் பார்த்து ஒரே மூச்சில் வாசித்து முடிப்பதும் இதே ஒளிதல்தான்.

இந்தக் கணக்கைத் திருத்துவதுதான் சி.பி.டி. என்னும் பேச்சு சிகிச்சை. 'எல்லோரும் சிரிப்பார்கள்' என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். பிறகு டீக்கடையில் விலை கேட்பது, வகுப்பில் ஒரு சந்தேகம் கேட்பது, கடைசியில் செமினார் என்று ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர் சிரித்தார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பொதுவாக 12 முதல் 16 அமர்வுகள் ஆகும்.

தேவைப்பட்டால் மருத்துவர் செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் போன்ற மாத்திரை தருவார். பலன் தெரியப் பல வாரங்கள் ஆகும். தேறிவிட்டது என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. மேடை நடுக்கத்துக்கு நண்பர் நீட்டும் புரொப்ரனலால் மாத்திரை ஆஸ்துமாக்காரருக்கு ஆபத்து. காரைக்காலில் சரக்கு மலிவு என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: தைரியத்துக்காக ஊற்றிக்கொள்வது மருந்தாகாது, இரண்டாவது நோயாகும்.

முதல் படியாக, மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். போனை எடுப்பதே பயமென்றால், பக்கத்து அறை நண்பரை முதலில் பேசச் சொல்லுங்கள்.